இன்னும் ஒரு நூறு

பிராசசரின் வெள்ளி நிற மூடியில் 3.30 ஜிகாஹெர்ட்ஸ் என்று பொறித்திருக்கும். அதைப் படித்து, நம்பி, கேபினெட்டை மூடிவிட்டு வேலையைப் பார்க்கப் போகிறவர்கள் உண்டு. நல்லவர்கள், இரவில் தூங்குகிறவர்கள். இன்னொரு கூட்டம் இருக்கிறது. அச்சடித்த எண்ணைக் கண்டதும் "இதுக்கு மேல எவ்வளவு போகும்?" என்று கேட்கிற கூட்டம். சொன்ன விலைக்கே பொருளை வாங்கி வந்தால் வீட்டில் தலைகாட்ட முடியாது என்று வளர்க்கப்பட்ட எங்களுக்கு, சொன்ன வேகத்திலேயே ஓட்டுவதும் மானக்கேடுதான்.

இந்த வேலைக்கு ஓவர்கிளாக்கிங் என்று பெயர். நொடிக்கு 330 கோடி முறை துடித்தால் போதும் என்று கம்பெனிக்காரன் சொன்ன சிப்பை 400 கோடி, 450 கோடி என்று துடிக்க வைப்பது. காசில்லாமல் கிடைக்கும் வேகம் என்பார்கள். நான் இதில் இறங்கிய 2011-இல் தமிழ்நாட்டில் அரசாங்கம் மிக்சி, கிரைண்டர், ஃபேன் மூன்றையும் இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்திருந்தது. நான் என் பங்குக்கு 1200 மெகாஹெர்ட்ஸ் எடுத்துக்கொள்ளலாம் என்று பார்த்தேன்.

எனக்கு முன்னால் இந்தப் பாதையில் போனவர்களின் கதைகள் ஆசையைத் தூண்டுபவை. 1998-இல் இன்டெல் நிறுவனம் செலெரான் 300ஏ என்ற மலிவு விலைப் பிராசசரை விட்டது. 66 மெகாஹெர்ட்ஸ் பஸ், 4.5 பெருக்கி, பெருக்கினால் 300. மதர்போர்டில் 66-ஐ 100 ஆக்கினால் 450. அவ்வளவுதான் வித்தை. பெரும்பாலான 300ஏ-க்கள் முணுமுணுக்காமல் 450-இல் ஓடின. அதே வேகத்துக்குக் கம்பெனியே விற்ற பென்டியம் 2-இன் விலையோ பல மடங்கு. அன்று 300ஏ வாங்கியவர்களுக்கு இன்று தலை நரைத்திருக்கும். அந்தக் கதையைச் சொல்வதை மட்டும் நிறுத்தியிருக்க மாட்டார்கள்.

2000-இல் வந்த ஏஎம்டியின் புதிய அத்லான் இன்னும் சுவாரசியம். பெருக்கியை யாரும் மாற்றாமல் இருக்க, பிராசசரின் மேல்முகத்தில் சில நுண்ணிய இணைப்புகளைத் துண்டித்து வைத்திருந்தார்கள். அந்தப் புள்ளிகளுக்கு நடுவே பென்சிலால் கோடு போட்டால் பூட்டு திறந்துகொள்ளும். பென்சில் முனையில் இருப்பது கிராஃபைட். கிராஃபைட் வழியே மின்சாரம் பாயும். அமெரிக்காக்காரன் போட்ட பூட்டுக்கு இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் பையில் சாவி இருந்தது.

பூட்டுப் போட்டது எங்களுக்குப் பயந்து மட்டும் அல்ல. தொண்ணூறுகளில் சில வியாபாரிகள் குறைந்த வேகப் பிராசசரை வாங்கி, மேலே இருக்கும் எழுத்தைச் சுரண்டி, பெரிய எண்ணை அச்சடித்து விற்றார்கள். நாங்களாவது வேகத்தைக் கூட்டிவிட்டு எண்ணைச் சும்மா விட்டோம். அவர்கள் எண்ணைக் கூட்டிவிட்டுக் காசை எடுத்துக்கொண்டார்கள். பிற்பாடு கம்பெனிகளுக்கே ஒரு யோசனை உதித்தது. பூட்டைத் திறந்து வைத்த பிராசசரைக் கூடுதல் விலைக்கு விற்றால் என்ன? பெயருக்குப் பின்னால் 'கே' என்று ஓர் எழுத்து. சென்னை ரிச்சி தெருவில் கடைப் பையன் என்னிடம் கேட்டதும் அதைத்தான்.

"ஐ5-2500 சார். கே போட்டதா, போடாததா? கே-ன்னா கொஞ்சம் ஜாஸ்தி ஆகும்."

"கே எதுக்கு?"

"ஸ்பீடு ஏத்திக்கலாம் சார். ஆனா ஏத்திட்டு வாரண்டின்னு வந்து நிக்கக் கூடாது."

இதைவிடச் சுருக்கமாக இந்தக் கலையை விளக்கியவரை நான் பார்த்ததில்லை.

எனக்கு வேகம் தேவைப்பட்டதற்கு நியாயமான காரணம் உண்டு. உறவுக்காரர்கள் அத்தனை பேரின் கல்யாண, காதுகுத்து, சீமந்த வீடியோ கேசட்டுகளையும் டிவிடியாக மாற்றித் தரும் பொறுப்பு, யாரும் கேட்காமலேயே என் தலையில் விழுந்திருந்தது. வீடியோ மாற்றுவது பிராசசரைப் பிழிந்தெடுக்கும் வேலை. 3.3-இல் ஒரு மணி நேரம் பிடிக்கும் காரியம் 4.5-இல் 44 நிமிடத்தில் முடியும். கணக்கு என் பக்கம்.

செய்முறையும் எளிது. இந்தத் தலைமுறைப் பிராசசரில் அடிப்படைத் துடிப்பு 100 மெகாஹெர்ட்ஸ். அதைத் தொடக்கூடாது. ஹார்ட் டிஸ்க், யூஎஸ்பி எல்லாம் அதே தாளத்துக்கு ஆடுகிறவை. ஐந்தாறு கூட்டினாலே ஒவ்வொன்றாகக் கோபித்துக்கொள்ளும். மிச்சம் இருப்பது பெருக்கி. மதர்போர்டின் அமைப்புப் பக்கமான பயாஸுக்குள் போய் 33-ஐ அழித்து 40 என்று அடித்தேன். 4.0 ஜிகாஹெர்ட்ஸ். கம்ப்யூட்டர் எதுவுமே நடக்காதது போலக் கிளம்பி வந்து நின்றது. 41. 42. சத்தமே இல்லை. இந்தச் சத்தமில்லாமைதான் ஆளைக் கெடுக்கிறது. ஒவ்வொரு படியும் 100 மெகாஹெர்ட்ஸ். ஒவ்வொரு படியிலும் மனசு சொல்வது ஒரே வாக்கியம்: இன்னும் ஒரு நூறு.

43-இல் நின்றுவிட்டது. வீடியோ மாற்ற ஆரம்பித்த சில நிமிடங்களில் மவுஸ் அம்புக்குறி அப்படியே உறைந்துபோனது. வெப்பமானியைப் பார்த்தால் நூறை நெருங்கிக்கொண்டிருந்தது. சரி, என் சிப்பின் எல்லை 4.2 என்று தலையெழுத்தை நொந்துகொண்டு கேபினெட்டைத் திறந்தேன்.

பிராசசரோடு சும்மா தரும் கூலரை மதர்போர்டில் பொருத்துவதற்கு நான்கு மூலையிலும் நான்கு பிளாஸ்டிக் ஆணிகள். கட்டைவிரலால் ஓங்கி அழுத்தினால் 'க்ளிக்' என்று ஒரு சத்தம் வர வேண்டும். எதிரெதிர் மூலையாக அழுத்த வேண்டும். போர்டு வில்லாக வளையும்; மனசு பதறும். மூன்று ஆணி உட்கார்ந்த பிறகு நான்காவதை அழுத்தினால், முதலாவது எழுந்து நின்று வேடிக்கை பார்க்கும். என் கூலரில் ஒரு மூலை அப்படித்தான் எழுந்து நின்றிருந்தது. அந்தப் பக்கம் மூடிக்கும் உலோகத்துக்கும் நடுவே ஒரு தாள் நுழையும் இடைவெளி. தெர்மல் பேஸ்ட் பாதி இடத்தில் பரவாமல் பூசிய மேனிக்கே இருந்தது.

ஆக, 4.2 என்பது சிப்பின் எல்லை அல்ல. ஒரு பிளாஸ்டிக் ஆணியின் எல்லை.

ஓவர்கிளாக்கிங்கில் கற்றுக்கொள்ள வேண்டிய முதலும் கடைசியுமான பாடம் இதுதான் என்பேன். எல்லை என்று ஓர் எண் சிப்புக்குள் எழுதி வைக்கப்பட்டிருக்கவில்லை. பிராசசர், கூலர், மதர்போர்டு, எஸ்எம்பிஎஸ், யூபிஎஸ், அறை, வீட்டிலிருப்பவர்கள் என்று வரிசையாக நிற்கிறவர்களில் யார் முதலில் கையை விரிக்கிறார்களோ, அவருடைய எல்லைதான் உங்கள் எல்லை. அவரைக் கண்டுபிடித்துச் சரிக்கட்டினால் அடுத்தவர் கையை விரிப்பார்.

கூலரைச் சரிக்கட்டினேன். சும்மா வந்ததைத் தூக்கிவிட்டு, ஒரு சாண் உயரத்துக்கு நிற்கும் டவர் கூலர் ஒன்றை வாங்கி வந்தேன். அதை மாட்டிய பிறகு கேபினெட்டின் பக்கவாட்டுத் தகடு மூடவில்லை. மூடாவிட்டால் என்ன, காற்றோட்டம்தானே? திறந்த பக்கத்துக்கு நேராக மேசை விசிறியை வைத்தேன். இது எங்கள் வீட்டு விருந்தினர்களுக்கு வழக்கமாகக் கிடைக்கும் உபசாரம். "மனுஷன் வந்தா ஃபேன் இல்ல, மெஷினுக்கு ஃபேன்" என்று என் மனைவி சொன்னது காற்றோடு போயிற்று. வெப்பம் எழுபதுக்கு இறங்கியது.

44-இல் புதுத் தொல்லை. இப்போது வெப்பம் இல்லை, நீலத் திரை. அதில் ஒரு நேரம் 101 என்று முடியும் எண், ஒரு நேரம் 124 என்று முடியும் எண். பார்க்கிறவர்களுக்குப் பஸ் நம்பர் மாதிரி இருக்கும், தெரிந்தவர்களுக்கு வாக்குமூலம். 101 வந்தால், நான்கு கோர்களில் ஒன்று கூப்பிட்ட குரலுக்குக் குறித்த நேரத்தில் பதில் தரவில்லை என்று பொருள். 124 என்றால், பிராசசரே "எனக்குள் ஏதோ கோளாறு" என்று கைதூக்கியிருக்கிறது. இரண்டுக்கும் எங்கள் கூட்டத்தில் சொல்லும் கைவைத்தியம் ஒன்றே: கொஞ்சம் வோல்டேஜ் கூட்டிப் பார்.

வோல்டேஜ் கூட்டினால் ஏன் சரியாகிறது என்பதற்கு விளக்கம் உண்டு. சிப்புக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர்கள் ஒவ்வொரு துடிப்புக்கும் பூஜ்யத்திலிருந்து ஒன்றுக்கும் ஒன்றிலிருந்து பூஜ்யத்துக்கும் மாறி, அடுத்த மணி அடிப்பதற்குள் தத்தம் இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். வேகத்தைக் கூட்டினால் மணி சீக்கிரம் அடிக்கிறது; பாதிப் பேர் நின்றுகொண்டிருக்கும்போதே கணக்கெடுத்துவிடுகிறார்கள். வோல்டேஜைக் கூட்டினால் மாறும் வேகம் கூடும். 1.20-இல் இருந்ததை ஒவ்வொரு பொட்டாக ஏற்றி 1.35-க்குக் கொண்டுபோனேன். 44 நின்றது. 45-உம் நின்றது.

அந்தப் பெருமையை மேல்வீட்டு சாரிடம் சொன்னேன். மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தினசரி காலண்டரில் கிழித்த தாளைத் திருப்பிப் போட்டு, சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"ஸ்பீடு ஏறினா பவர் நேர் விகிதத்துல ஏறும். வோல்டேஜ் ஏறினா வர்க்கத்துல ஏறும். உங்க சிப்பு எவ்வளவு வாட்?"

"95 சார்."

"4.5-ஐ 3.3-ஆல வகுங்க. 1.35-ஐ 1.2-ஆல வகுத்து ரெண்டு தரம் பெருக்குங்க." போட்டுக் காட்டினார். 164 வாட். "36 பர்சென்ட் ஸ்பீடுக்கு 73 பர்சென்ட் கரண்ட். இது என்ன வியாபாரம் தம்பி?"

கசிவு மின்னோட்டத்தை அவர் சேர்க்கவே இல்லை. சேர்த்திருந்தால் தாளின் மறுபக்கம் இருந்த ராகுகாலத்தைப் பற்றியும் பேசியிருப்பார்.

4.5 ஓடுகிறது என்பது வேறு, நிலையாக ஓடுகிறது என்பது வேறு. நிலையாக ஓடுகிறதா என்று பார்க்க எங்கள் உலகத்தில் ஒரு பரீட்சை உண்டு: பிரைம்95. உலகத்தில் ஒருவரும் எங்களுக்காக இதை எழுதவில்லை. 1996-இல் ஜார்ஜ் வோல்ட்மன் என்ற அமெரிக்கர், வீட்டுக் கம்ப்யூட்டர்களையெல்லாம் சேர்த்து மெர்சன் பகா எண்களைத் தேடுவதற்காகத் தொடங்கிய முயற்சியின் நிரல் அது. 2024 அக்டோபரில் அந்த முயற்சியில் கண்டுபிடித்த பகா எண்ணில் 4 கோடியே 10 லட்சத்து 24 ஆயிரத்து 320 இலக்கங்கள். கணித உலகம் அதற்காகக் கைதட்டியது. நாங்கள் அந்த நிரலில் பயன்படுத்துவது 'டார்ச்சர் டெஸ்ட்' என்ற ஒரே ஒரு பொத்தானை. பெயரிலேயே ஒளிவுமறைவில்லை. விடை முன்கூட்டியே தெரிந்த கணக்குகளைப் பிராசசரிடம் விடிய விடியக் கொடுத்துக்கொண்டே இருக்கும். விடை மாறினால், 0.4-க்குள் வர வேண்டிய பிழை 0.5 வந்துவிட்டது என்று எழுதிவைத்துவிட்டு அந்தக் கோரை உட்காரவைத்துவிடும்.

இரவு முழுக்க ஓட வேண்டிய இந்தப் பரீட்சையைச் சென்னையில் நடத்துவதில் ஒரு தனிச் சிக்கல் இருந்தது. தினமும் மின்வெட்டு இருந்த காலம் அது. அறிவித்த வெட்டு பகலில், அறிவிக்காதது இரவில். காலையில் எழுந்து பார்த்தால் கம்ப்யூட்டர் முதலிலிருந்து கிளம்பி, அப்பாவி முகத்தோடு பாஸ்வேர்டு கேட்டு நிற்கும். கரண்ட் போனதா, பிராசசர் போனதா? விண்டோஸின் பதிவேட்டைத் திறந்தால் "எதிர்பாராமல் நின்றுவிட்டது" என்பதற்கு மேல் வாயைத் திறக்காது. நான் நம்பிய ஒரே சாட்சி, ஹாலில் இருந்த மின்கடிகாரம். கரண்ட் போய் வந்தால் அது 12:00 என்று கண்சிமிட்டும். கண் சிமிட்டினால் சிப் நிரபராதி. நேரம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தால் குற்றவாளி சிப். எழுந்ததும் நான் கடிகாரத்தை ஓடிப்போய்ப் பார்ப்பதைக் கண்டு, பாவம், ஆபீசுக்கு நேரமாகிறது என்று வீட்டில் நினைத்துக்கொண்டார்கள்.

யூபிஎஸ் இருந்ததே என்று கேட்பீர்கள். 600 விஏ என்று எழுதியிருந்தாலும் அது தாங்குவது 360 வாட்தான். மேல்வீட்டு சார் கணக்குப்படி பிராசசர் 164, அதோடு கிராஃபிக்ஸ் கார்டு, மானிட்டர், எஸ்எம்பிஎஸ் தன் பங்குக்கு விழுங்குவது. இதற்கு மேல், கையருகே பிளக் பாயிண்ட் இல்லாததால் மேசை விசிறியையும் யூபிஎஸ்ஸிலேயே சொருகியிருந்தேன். கரண்ட் போன கணத்தில் 'கீ' என்று ஒரே சத்தம். அடுத்த கணம் இருட்டு. சிப்பைக் காக்க வைத்த விசிறி யூபிஎஸ்ஸைச் சாய்த்தது.

பிரைம்95-இல் தேறிவிட்டால் எல்லாம் தேறியதாக நினைப்பதும் தவறு. இரவெல்லாம் பகா எண்ணைத் தேடி அசராத என் கம்ப்யூட்டர், காலையில் மனைவி உட்கார்ந்து கரண்ட் பில் கட்டும்போது நீலமாயிற்று. பாரம் இருக்கும்போது போதுமான வோல்டேஜ் கிடைக்கிறது. சும்மா இருக்கும்போது மின்சாரத்தைச் சேமிக்கிறேன் பேர்வழி என்று பிராசசர் வோல்டேஜைக் குறைத்துக்கொள்கிறது. அங்கிருந்து திடீரென்று எழுந்து ஓடச் சொன்னால் தடுக்கி விழுகிறது. "வேலை செஞ்சா நல்லாத்தான் இருக்கு, சும்மா இருந்தாத்தான் படுத்துக்குது" என்று நான் விளக்கினேன். "ஏங்க, இந்த வீட்ல அது ஒண்ணுதான் அப்படி" என்று பதில் வந்தது. அது யாருக்கான பாராட்டு என்று நான் விசாரிக்கவில்லை.

மதர்போர்டுக்காரர்கள் இதற்கு நேர்மாறான சிக்கலுக்கு ஒரு மருந்து வைத்திருக்கிறார்கள். பாரம் ஏறும்போது வோல்டேஜ் கொஞ்சம் சரியும். கோளாறு இல்லை; பாரம் சட்டென்று இறங்கும்போது எகிறிவிடாமல் இருக்க வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. அந்தச் சரிவைக் குறைக்க பயாஸில் 'லோட்லைன் கேலிபிரேஷன்' என்று ஒரு வரி. அதைக் கொஞ்சம் ஏற்றினால் நல்லது. கடைசி அளவுக்கு ஏற்றினால், கேட்டது 1.35 என்றாலும் பாரம் இறங்கும் நொடியில் அதற்கு மேல் துள்ளும். வோல்டேஜும் வெப்பமும் சேர்ந்து கூடினால் சிப்புக்குள் இருக்கும் நுண்ணிய உலோகப் பாதைகளில் அணுக்களே மெல்ல மெல்ல இடம்பெயரும். இன்று ஓடிய வேகம் அடுத்த வருஷம் ஓடாது. ஆகவே நடு அளவில் நிறுத்தினேன்.

இருந்தும் அத்தை வீட்டு டிவிடியில் விவகாரம் வெடித்தது. கம்ப்யூட்டர் விழவில்லை, நீலத் திரை இல்லை, பரீட்சையிலும் பாஸ். ஆனால் மாப்பிள்ளை தாலி கட்டக் குனிகிற நேரத்தில், மணப்பெண்ணின் முகத்தில் ஒரு பச்சைக் கட்டம். கெட்டிமேளம் முடிந்ததும் தானாக மறைகிறது.

"மூணு மணி நேர வீடியோல அந்த இடத்துல மட்டும் ஏன்டா பச்சையா இருக்கு?" என்றாள் அத்தை.

ஓவர்கிளாக்கிங்கில் பயப்பட வேண்டியது விழுகிற கம்ப்யூட்டரைப் பார்த்து அல்ல. விழுந்தால் தெரிந்துவிடும். எங்கோ ஓர் இடத்தில் ஒரே ஒரு கூட்டலைத் தப்பாகப் போட்டுவிட்டு, முகத்தை இயல்பாக வைத்துக்கொண்டு வேலையைத் தொடர்கிறதே, அதைப் பார்த்துத்தான் பயப்பட வேண்டும். பகா எண்ணுக்குத் தாங்கிய 4.5, தாலிக்குத் தாங்கவில்லை. வோல்டேஜில் இன்னும் ஒரு பொட்டு ஏற்றி, வீடியோவைத் திரும்ப மாற்றி, பிரேம் பிரேமாக மணப்பெண்ணின் முகத்தைப் பார்த்த பிறகே அத்தைக்கு அனுப்பினேன்.

4.5 உறுதியானது. மனசு கேட்குமா? இன்னும் ஒரு நூறு.

46-க்கு 1.35 போதவில்லை, 1.40 போதவில்லை, 1.42-இல் கிளம்பியது, வெப்பம் தொண்ணூறைத் தொட்டது, பத்து நிமிடத்தில் படுத்தது. இதே பிராசசரில் 4.8 ஓட்டுகிறவர்கள் உண்டு, 4.3-க்கே மூச்சு வாங்குபவர்களும் உண்டு. ஒரே ஈட்டு இட்லிதான். ஆனால் நடுக்குழியில் வெந்தது ஒரு பதம், ஓரத்தில் வெந்தது ஒரு பதம். சிலிக்கான் வட்டில் நூற்றுக்கணக்கான சிப்புகளை ஒன்றாக வார்க்கும்போது இரண்டு சிப்பு ஒன்றுபோல் அமைவதில்லை. 'சிலிக்கான் லாட்டரி' என்று எங்கள் கூட்டத்தில் பெயர். எனக்கு ஆறுதல் பரிசு.

நான் 46-ஓடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்த என் மகள், அப்போது ஏழாம் வகுப்பு, ஒரு கேள்வி கேட்டாள். "இது வந்தா எவ்வளவு சீக்கிரம் முடியும்ப்பா?" கணக்குப் போட்டேன். 44 நிமிட வேலை 43 நிமிடத்தில் முடியும். "அந்த ஒரு நிமிஷத்துல என்ன பண்ணுவீங்க?"

மேல்வீட்டு சாரின் வர்க்கக் கணக்கும் மகளின் ஒற்றைக் கேள்வியும் சொல்வது ஒன்றுதான். முதல் 900 மெகாஹெர்ட்ஸ் கிட்டத்தட்ட சும்மா கிடைத்தது. அடுத்த 300-க்குக் கூலர், விசிறி, வோல்டேஜ், அத்தையின் மனஸ்தாபம். கடைசி 100-க்கு எவ்வளவு கொடுத்தாலும் போதவில்லை.

இது எனக்கு மட்டும் நேர்ந்ததல்ல என்பதில் ஓர் ஆறுதல். பென்டியம் 4 வந்த புதிதில் 10 ஜிகாஹெர்ட்ஸ் வரைக்கும் போகலாம் என்று இன்டெல் பேசிக்கொண்டிருந்தது. வெப்பம் வந்து குறுக்கே நின்றது. 2004 அக்டோபரில், 4 ஜிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4-ஐக் கைவிட்டதற்காக, இன்டெல்லின் தலைமைச் செயல் அதிகாரி கிரெய்க் பாரெட் ஒரு மாநாட்டு மேடையில் முழங்கால் போட்டு மன்னிப்புக் கேட்டார். வேடிக்கைக்குத்தான், ஆனாலும் முழங்கால் முழங்கால்தான். அதன்பிறகு கம்பெனிகள் வேகத்தை ஏற்றுவதை விட்டுக் கோர்களின் எண்ணிக்கையைக் கூட்டின. 5 ஜிகாஹெர்ட்ஸில் ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவே ஒளியே 6 சென்டிமீட்டர்தான் போகும். அதற்கு மேல் யாரைப் போய்க் கேட்பது?

கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். 2022 டிசம்பரில், எல்மோர் என்ற புனைபெயரில் அறியப்படும் ஸ்வீடன்காரரும் அவர் குழுவும் ஐ9-13900கே பிராசசரை 9 ஜிகாஹெர்ட்ஸைத் தாண்டி ஓட்டிக் காட்டினார்கள். குளிர்விக்க அவர்கள் ஊற்றியது திரவ ஹீலியம். அது கொதிப்பதே மைனஸ் 269 டிகிரியில். நான் வைத்தது மேசை விசிறி. கூலர் எவ்வளவு பெரியதானாலும் காற்றால் குளிர்விக்கும்வரை அறையின் வெப்பத்துக்குக் கீழே சிப் இறங்காது. அறை 12 டிகிரி ஏறினால் சிப்பும் ஏறக்குறைய 12 டிகிரி ஏறும். சென்னையில் டிசம்பர் இரவுக்கும் கத்திரி வெயில் பிற்பகலுக்கும் என் அறையில் அதற்கு மேலேயே வித்தியாசம். எங்கள் ஊரில் பிராசசரின் எல்லையைப் பயாஸ் மட்டும் தீர்மானிப்பதில்லை. பஞ்சாங்கமும் சேர்ந்து தீர்மானிக்கிறது.

இப்போதெல்லாம் இந்தப் பொழுதுபோக்குக்கு வேலை குறைந்துவிட்டது. கம்பெனிகளே சிப்பை விளிம்பு வரை ஏற்றி, பெட்டியில் 6 ஜிகாஹெர்ட்ஸ் என்று அச்சடித்து விற்கின்றன. விளிம்பில் நிற்பதன் விலையும் தெரிந்துவிட்டது. 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்களில் சில, தேவைக்கு மேல் வோல்டேஜ் ஏறியதால் நிலைகுலைந்துபோவதை 2024-இல் இன்டெல் ஒப்புக்கொண்டு, மைக்ரோகோடைத் திருத்தி, வாரண்டியை இரண்டு ஆண்டு நீட்டித்தது. எங்கள் கூட்டத்தில் கெட்டிக்காரர்கள் இன்று செய்வது நேர்மாறான வேலை: அதே வேகத்தை வைத்துக்கொண்டு வோல்டேஜைக் குறைப்பது. வெப்பம் இறங்குகிறது, விசிறிச் சத்தம் இறங்குகிறது, பில்லும் இறங்குகிறது. மேல்வீட்டு சார் கேட்டால் மகிழ்வார்.

இத்தனைக்குப் பிறகும் உங்களுக்குக் கை அரிக்கிறது என்றால் தடுக்க மாட்டேன். சில வார்த்தை மட்டும் கேளுங்கள். மாற்றும் ஒவ்வொரு எண்ணையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மதர்போர்டில் பயாஸைப் பழைய நிலைக்குத் திருப்பும் ஜம்பர் எங்கே இருக்கிறது என்று, தேவைப்படுவதற்கு முன்பே பார்த்து வையுங்கள். நின்றுபோனால் சிப்பைத் திட்டுவதற்கு முன் கூலரின் நான்கு மூலைகளையும் தொட்டுப் பாருங்கள். பரீட்சை நிரலோடு நிறுத்தாமல், நீங்கள் தினமும் செய்யும் வேலையையே கொடுத்துச் சோதியுங்கள்; அதில் மணப்பெண் இருந்தால் முகத்தை உற்றுப் பாருங்கள். கடைசியாகத் தாங்கிய வேகத்திலிருந்து ஒரு நூறு, முடிந்தால் இரு நூறு, இறங்கி நில்லுங்கள். ஏற்றும் வேலையை மார்கழியில் ஆரம்பியுங்கள், தப்பில்லை. ஆனால் சித்திரை தாண்டும்வரை ஊருக்குள் அந்த எண்ணைச் சொல்லாதீர்கள்.